அறுபது குதிரையும் ஒரு மேசையும்

பேச்சியக்காவின் கை கம்பளியின் மேல் இருந்தது.

இன்னும் இழுக்கவில்லை. மூலையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோர். காய் உலர்த்துகிற நீளமான கட்டடம். வெளியே பகல் மூன்று மணி, விடாத சாரல். உள்ளே நாங்கள் செய்து வைத்திருந்த இருட்டு. தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளிகளைப் பன்னிரண்டு சன்னல்களிலும் தொங்கவிட்டு உண்டாக்கிய இருட்டு அது.

திரைக்கு ஆக அருகில் இருந்த பெரிய சன்னலில் தொங்கியது பேச்சியக்காவின் கம்பளி. அதை அவள் இழுத்தால் பகல் உள்ளே வந்து, திரையில் நிற்கும் வெள்ளைக்காரனை அழித்துவிடும். அவள் இழுத்தால் அடுத்தவள் இழுப்பாள். அத்தோடு ஹனீபா ராவுத்தரின் சினிமாத் தொழில் முடிந்தது. என்னுடையதும்.

"ஏப்பா, ங்க ங்க!" என்று கூப்பிட்டாள். என் கொங்குப் பேச்சைக் கேட்டு அன்று காலையில்தான் எனக்கு அந்தப் பேரை வைத்திருந்தாள். "அறுபது குதிரைன்னு சொன்னியே, எங்கிட்டுப் போச்சு எல்லாம்?"

"வருமுங்க," என்றேன் தகரக் குழாயில்.

வராது என்று எனக்கே தெரிய ஆரம்பித்திருந்தது.

பல்பு

சென்ற வாரக் கட்டுரையை, ராவுத்தரின் படக் கருவியை மலையடிவாரத்தில் கழுதை மேல் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். மேலே ஏறுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹனீபா ராவுத்தர் பாலக்காட்டுக்காரர். குடும்பத்துக்கு அங்கே அரிசிக் கடை. அண்ணன் கடையில் உட்கார்ந்து அரிசி அளக்கப் பிடிக்காமல், ஏலத்தில் ஒரு சின்னப் படக் கருவியும் பெட்ரோல் ஜெனரேட்டரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டவர். நான் அதே பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளை. ஆறாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, லாரிக் கிளீனர், ஓட்டலில் மாவரைப்பு என்று சுற்றிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சூளையில் இருந்தபோது ஒரு வருஷம் கால் செருப்பு இல்லை. ஓட்டலில் தூங்க இடம் உண்டு, தூக்கம் கிடையாது. இதையெல்லாம் வருத்தத்தோடு எழுதவில்லை. எந்த வேலையிலும் ஆறு மாசத்துக்கு மேல் நான் தங்கியதில்லை என்று சொல்ல வந்தேன். ராவுத்தரிடம் மட்டும் மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழில் இப்படி. தமிழ்ப் படம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கோயமுத்தூரில் பழைய இங்கிலீஷ் படங்கள் பெட்டி பெட்டியாகச் சல்லிசாகக் கிடைக்கும். அவற்றை மலைத் தோட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ராவுத்தர் கருவியை ஓட்டுவார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழாயை வாயில் வைத்துக் கதை சொல்லுவேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், தோட்டங்களில் காதில் விழுந்த கம், கோ, சிக், மஸ்டர். மீதியை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

படத்தை முன்கூட்டியே முழுசாகப் பார்த்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். பல்பு இருக்கிறதே! அந்தக் கருவியின் பல்புக்கு ஆயுசு குறைவு.

"எடா ராசு, பல்பு செத்தா பம்பாயிலேந்து வரணும்," என்பார் ராவுத்தர். "நமக்குப் படம் காட்டறதாக்கும் தொழில். பாக்கறது இல்ல."

ஆகவே ஒவ்வொரு படத்திலும் முதல் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்ப்போம். ஆள் நடக்கிறானா, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிடுவோம்.

இந்தப் படத்தையும் அப்படித்தான் சித்தூரில் ஒரு தேங்காய்க் களத்துக் கொட்டகையில் ஓட்டினோம். பத்து நிமிஷமும் குதிரை. மலைச் சரிவில் இரண்டு பேர் ஒரு குதிரைக் கூட்டத்தை ஓட்டி வருகிறார்கள். புழுதி. ஒரு வெடிச்சத்தம். குதிரைகள் மிரண்டு தெறித்து ஓடுகின்றன. நான் எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்குக் குறையாது.

"போதும்," என்று ராவுத்தர் விசையைத் தட்டினார். "இது ஓடும்டா. குதிரையைப் போலத்தான் ஓடும்."

படத்தின் பேர் என்ன என்று கேட்டு எழுதாதீர்கள். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு மழையில் கரைந்துவிட்டது.

அண்ணன் தங்கை

கதை சொல்கிறவனுக்கு உள்ள பெரிய ஆபத்து துப்பாக்கியோ குதிரையோ இல்லை. உறவுமுறை.

நம் ஜனங்களுக்குத் திரையில் ஓர் ஆணும் பெண்ணும் வந்தால் முதல் கேள்வி, "இவ அவனுக்கு என்ன வேணும்?" அதைச் சொல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

இதற்கு முந்தின வருஷம் சித்திரபுரத்தில், மின்சாரத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு படம் காட்டினோம். அதில் ஒருவனும் ஒருத்தியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூக்கு. எந்நேரமும் சண்டை. அண்ணன் தங்கை என்று அறிவித்துவிட்டேன். ஜனங்கள் உருகிப் போனார்கள். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

கடைசி ரீலில் அண்ணன் திரும்பி வந்து தங்கையின் இடுப்பைப் பிடித்து வாயில் முத்தம் கொடுத்தான்.

கூட்டம் எழுந்துவிட்டது. நான் பதறிப்போய்க் குழாயில் கத்தினேன்: "சொந்த அண்ணன் இல்லீங்க! சித்தப்பன் மகனுங்க!"

அத்தை மகன் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அவசரத்தில் நாக்கு சித்தப்பனைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு என் முதுகில் விழுந்த ஒரு ஈரச் செருப்பின் எடை எனக்கு இன்னும் தெரியும்.

மலை இறங்கும்போது ராவுத்தர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு சட்டம் போட்டார். "இனிமேல் ரெண்டாம் ரீல் முடியற வரைக்கும் யாருக்கும் உறவு சொல்லக் கூடாது. சாகறவனா இருந்தாலும் சரி, தனியாச் சாகட்டும்."

கழுதை மேல் குதிரை

இனி மலைக்குப் போகலாம். இன்றைக்கு இடுக்கி ஜில்லா என்கிறோம். அன்று எங்களுக்கு அது வெறும் ஏலமலை. கம்பத்திலிருந்து மேலே ஏற, கருவி ஒரு கழுதையிலும் ஜெனரேட்டர் ஒரு கழுதையிலுமாகப் போயின. படப்பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். மூடுபனியில் அட்டை கடிக்கக் கடிக்க ஏறினோம். அறுபது குதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கழுதைக்குப் பின்னால் போகிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று ராவுத்தர் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கினாலும் வாய் ஓயாது.

ஆனால் அந்த ஏற்றத்தில் அவர் பாதி வழிக்கு மேல் பேசவில்லை. காரணம் இருந்தது.

போன மாசம் இதே ஸ்டோரில் படம் காட்டும்போது பாதியில் கருவியின் வார் அறுந்துவிட்டது. கூட்டம் பொறுமை இழந்து எழுந்தது. ஆளாளுக்குச் சன்னலில் கிடந்த கம்பளியைப் பிடுங்கினார்கள். எல்லாமே கறுப்பு, எல்லாமே ஈரம். கம்பளி மாறிப் போயிற்று. மலையில் கம்பளி மாறுவது சின்ன விஷயம் இல்லை. அதுதான் குடை, அதுதான் பாய், அதுதான் போர்வை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கம்பளியின் வாசனை தெரியும். திங்கட்கிழமை பாதிப் பேர் வேலைக்கு வராமல், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாகக் கம்பளி தேடிப் போனார்கள். தோட்டத்து முதலாளியிடம் பேச்சு வாங்கியவர் சுப்பையா கங்காணி. ஸ்டோரை எங்களுக்குத் திறந்துவிட்டவர் அவர்தான்.

நாங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்ததும் கங்காணி சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஞாயித்துக்கெழமை ஒரு தடவை விடுதேன். கூட்டம் பாதியில கலஞ்சுச்சுன்னா, இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

அந்த ஸ்டோர் போனால் மழைக் காலம் முழுக்க வேறு இடம் இல்லை. மைதானத்தில் மழை. இருட்டிய பின் காட்டவும் முடியாது. ஆனை இறங்குவதற்குள் ஜனங்கள் லயத்துக்குப் போயாக வேண்டும். காய் எடுப்பு தொடங்காததால் காலியாகக் கிடந்த அந்த ஒரு கூரைதான் எங்கள் பிழைப்பு.

"இதும் பாழாப் போச்சுன்னா மிஷினைச் சித்தூர்க்காரன் ஒருத்தன் கேட்டிருக்கான், கொடுத்துடுவேன்," என்றார் ராவுத்தர். "நான் அண்ணன் கடைக்குப் போறேன். நீ எங்கடா போவே?"

போக எத்தனையோ இடம் இருந்தது. போக மனசு இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் ஞாயிறு காலை மேட்டுச் சந்தையில் அப்படிக் கத்தினேன். கருவாட்டுக் கடைக்கும் உப்புக் கடைக்கும் நடுவில் நின்று தகரக் குழாயைத் தூக்கினேன்.

"வாங்க, வாங்க! அறுபது குதிரைங்க! பன்னெண்டு துப்பாக்கிங்க! மலை மலையா வருமுங்க!"

பன்னிரண்டு துப்பாக்கி என் சொந்தச் சரக்கு.

கம்பளியைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு அம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காய் எடுக்கிற விரல்கள், நகக்கண்ணெல்லாம் கறை. அவள்தான் பேச்சியக்கா; பெண்டுகள் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவள்.

"மலையா?" என்றாள். "ஏப்பா, மலையில நின்னுக்கிட்டு எங்களுக்கே மலையைக் காட்டப் போறியா? எங்க முழங்காலைக் கேளு, மலை எம்புட்டு இருக்குன்னு அது சொல்லும்."

"குதிரையும் இருக்குதுங்க."

"என்னடா இவன், பேச்சுக்குப் பேச்சு ங்க ங்கன்னு கொசு மாதிரி!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி வாரேன். குதிரை இல்லைன்னு வையி, கம்பளியச் சுருட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

கம்பளி கொடுத்தவர்களுக்கு முன்வரிசை. அதுதான் எங்கள் வழக்கம். அவள் கம்பளி எல்லாவற்றிலும் பெரியதாக இருந்ததால் பெரிய சன்னலுக்குப் போயிற்று. சன்னலுக்குக் கீழேயே அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரே வீடு

முதல் பத்து நிமிஷம் நான் ராஜா. திரை நிறையக் குதிரை, என் குழாய் நிறையக் குதிரை. "அம்பத்தெட்டு! அம்பத்தொம்பது!" என்று எண்ணினேன். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. வாசலில் கை கட்டி நின்ற கங்காணிகூட லேசாகச் சிரித்தார்.

பிறகு புழுதி அடங்கியது. இரண்டு பேரில் ஒருவன் மட்டும், தாடிக்காரன், சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். தனியாக ஒரு வீடு. கதவைத் தட்டினான். ஒரு பெண் திறந்தாள். உள்ளே போனான்.

வெளியே வரவில்லை.

நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அவள் அடுப்பு மூட்டினாள். மூலையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் தட்டு வைத்தாள். தாடிக்காரன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் முகம் மாறியது. உடனே எழுந்துவிட்டான். சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டான்.

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

முதல் ரீல் முடிந்தது.

"யாருப்பா அந்தப் பொம்பள?" என்று பின்னாலிருந்து குரல்.

ராவுத்தர் கருவிக்குப் பின்னாலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். உறவு சொல்லாதே.

"பாருங்க, தெரியுமுங்க," என்றேன்.

இரண்டாம் ரீலிலும் அதே வீடு. அதே மேசை. வெளியே வந்தாலும் வீட்டுக்கு முன்னால் உள்ள வேலி வரைக்கும்தான். தூரத்தில் மலை இருந்தது, ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. படம் எடுத்தவனே அதைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் பீடி பற்ற வைத்தார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். இருட்டில் கொட்டாவிக்குச் சத்தம் அதிகம். பேச்சியக்கா எழுந்து நின்று கம்பளியின் மூலையைப் பிடித்தாள்.

நான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்த இடம் இதுதான்.

கையுறை

திரையில் தாடிக்காரன் அறுந்த முள்வேலியைக் கட்டிக்கொண்டிருந்தான். வெறுங்கை. கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. அந்தப் பெண் வந்து அவன் சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தோல் கையுறைகளைக் கண்ணால் காட்டினாள். ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கம்பியைப் பிடித்தான். ரத்தம்.

"கிறுக்குப் பய," என்றாள் பேச்சியக்கா. கை கம்பளியில்தான் இருந்தது. "உறையை உள்ள வெச்சுக்கிட்டு வெறுங்கையில முள்ளைப் பிடிக்கிறான் பாரு."

"புதுசா இருக்கும்க்கா. அழுக்காயிரும்னு பாக்குறான்," என்றான் பின்னால் ஒருவன்.

"புதுசா? விரல் நுனியெல்லாம் தேஞ்சு கெடக்குடா. அது அவன் கைக்குச் சேராது. அவனுக்குப் பெரிய கை. அது வேற ஆளுது."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஆத்தாடி! முன்னால தூசிக்குள்ள ஒருத்தன் குதிரைக்கு அடியில போனான்ல. அவன் கைய மட்டும் காட்டுனாகல்ல. அந்தக் கையில கெடந்த உறைடா இது."

அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. அப்போது நான் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்ப இந்தப் பொம்பள?"

"செத்தவன் பொண்டாட்டி! மூணு பேருக்குத் தெனமும் நாலு தட்டு வெக்கிறாளே, பாக்கலையா? நாலாவது யாருக்கு? அந்த நாக்காலி யாருது? இவன் சேதி சொல்ல வந்திருக்கான். சொல்ல வாய் வரல."

அவள் உட்கார்ந்தாள். கை கம்பளியை விட்டது.

ராவுத்தர் கருவிக்குப் பின்னால் "அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

இன்னொரு பெண் பேச்சியக்காவிடம் கேட்டாள்: "சேதி தானேக்கா? சொல்லிட்டுப் போக வேண்டியதுதான. இவன் ஏன் திருடன் மாதிரி முழிக்கிறான்?"

அதற்குப் பதில் பேச்சியக்கா சொல்லவில்லை. வாசலிலிருந்து வந்தது. சுப்பையா கங்காணி.

"வெடி போட்டது யாரு? அவன்தான?" என்றார். "குதிரையைத் திருப்பணும்னுதான் போட்டிருப்பான். அது வேற பக்கம் திரும்பிருச்சு."

அந்த ஸ்டோரில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது விளக்கம் இல்லாமலே புரிந்தது. ஆனையை விரட்டப் போட்ட வேட்டு, ஆனையை லயத்துப் பக்கமே திருப்பிவிட்ட கதை எல்லாத் தோட்டத்திலும் ஒன்று உண்டு.

"சொல்லு!"

ரீல் மாற்றும்போது எப்போதும் நாலு பேர் வெளியே போவார்கள். அன்று ஒருவரும் நகரவில்லை. பன்னிரண்டு கம்பளியும் அப்படியே தொங்கின. ராவுத்தர் ரீலைக் கோக்கச் சிரமப்பட்டார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் ரீல் தொடங்கியதும் ஸ்டோரே தாடிக்காரனோடு பேச ஆரம்பித்துவிட்டது. அவன் தண்ணீர் வாளியோடு அவள் முன்னால் நின்றான். "சொல்லு!" என்றது கூட்டம். அவன் வாளியை வைத்துவிட்டுப் போனான். "சே!" கிழவர் அவனுக்குப் புகையிலை கொடுத்தார். "கெழவன்கிட்டயாவது சொல்லித் தொலைடா!" கிழவருக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவன் மேல் கோபம், பரிதாபம், கேலி எல்லாம் ஒரே வாயில். சொந்தத் தம்பியைத் திட்டுகிற மாதிரி திட்டினார்கள்.

எனக்கு வேலையே இல்லை. குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் பார்த்தேன். ஒரு படத்தை முதல் தடவையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நடிகனுக்கு அழகு கிடையாது. நீண்ட முகம், பல்வலிக்காரன் கண். கையைக் கழுவினால் கழுவிக்கொண்டே இருப்பான். தொப்பியை ஆணியில் மாட்ட மாட்டான். விருந்தாளி மாட்டுவான், தான் விருந்தாளி இல்லை என்பது போலக் கையிலேயே வைத்திருப்பான். அவளோ ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயப்படுகிறவள். அதற்குப் பின் எத்தனையோ குதிரைப் படங்கள் பார்த்துவிட்டேன். நிறையப் படங்களில் மலைதான் நடிக்கும், ஆள் சும்மா குதிரை மேல் உட்கார்ந்திருப்பான். இந்தப் படத்தில் ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த தூரத்தைக் கடக்க அவன் மூன்று ரீல் எடுத்துக்கொண்டான். எந்தக் குதிரைக்கும் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

கடைசியில் ஒரு சாயங்காலம். அவள் தட்டுகளை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவன் சட்டைக்குள் கை விட்டான்.

முன்வரிசை முழங்காலில் எழுந்தது.

இதுதான் நான் பேச வேண்டிய இடம் என்று நினைத்தேன். குழாயைத் தூக்கினேன்.

"ங்க ங்க," என்றாள் பேச்சியக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ கொஞ்சம் வாய மூடு."

அவன் கையுறைகளை நாலாவது தட்டின் மேல் வைத்தான்.

அவள் பார்த்தாள். வெளியே போய்விட்டாள். திறந்த கதவு மட்டும் தெரிந்தது. ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம், திரையில் வெறும் கதவு. எங்கள் ஸ்டோரில் சாரல் சத்தம் மட்டும். திரும்பி வந்தவள் அந்தத் தட்டை எடுத்துத் துடைத்தாள். சுத்தமான தட்டு, அதைத் துடைத்தாள். பரண் மேல் வைத்தாள். பிறகு புருஷனின் நாற்காலியைக் காலால் தள்ளி, உட்கார் என்று தாடிக்காரனுக்குக் காட்டினாள்.

விடிந்ததும் அவன் வேலியின் கடைசித் தூணில் நின்றான். கம்பியைப் பிடித்திருந்த கைகளில் அந்தக் கையுறைகள். விரல் முழுசாக நுழையாமல், மணிக்கட்டு வரை ஏறாமல், சின்னதாக.

அவ்வளவுதான் படம். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மூன்று ரீலுக்கும் சேர்த்து ஒரே சிரிப்பு. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிலுக்குச் சிரித்தார்கள்.

வேட்டு

விளக்கு அணைந்தும் யாரும் எழவில்லை. ஜெனரேட்டர் நின்றது. கறுப்பிருட்டில் ஏலக்காய் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் மட்டும். யாராவது கம்பளியை எடுத்தால்தான் வெளிச்சம் வரும். யாரும் எடுக்கவில்லை.

"ஆனை எறங்குற நேரமாச்சு, எந்திரிங்க," என்றார் கங்காணி. ஆனால் அவரும் நகரவில்லை. பிறகு அதே இருட்டில் சொன்னார்:

"பேச்சி, போன வருசம் ஆனையைத் திருப்பி விட்ட வேட்டு நான் போட்டதுதான்."

ஆனை அன்று லயத்துக்கு வந்து பேச்சியக்காவின் அடுப்படியைப் பிரித்து, அரிசியையும் உப்பையும் தின்று, பானை சட்டியெல்லாம் மிதித்துவிட்டுப் போன கதையை அவள் எங்களுக்குப் பிறகு சொன்னாள். வேட்டுப் போட்டது யார் என்று ஒரு வருஷமாக யாரும் சொல்லவில்லையாம்.

இருட்டில் பேச்சியக்காவின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியாதாக்கும்? மறுநாள் காலையில நீ எதுக்குய்யா புதுப் பானை வாங்கி வெச்சிட்டு ஓடுன? கங்காணி எந்த ஊர்ல கூலிக்காரிக்குப் பானை வாங்கித் தாரான்?"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவள் கம்பளியை இறக்கினாள். சாரலும் சாயங்கால வெளிச்சமும் உள்ளே வந்தன. கங்காணி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். சாரல் அவ்வளவு தூரம் வந்திருக்க நியாயமில்லை.

ஒரு கம்பளிகூட மாறவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, அவரவருடையதை எடுத்து, உதறிப் போர்த்திக்கொண்டு போனார்கள்.

"காய் எடுப்பு தொடங்குற வரைக்கும் ஸ்டோர் உங்களுக்குத்தான்," என்று ராவுத்தரிடம் சொன்னார் கங்காணி.

ராவுத்தர் கருவியின் மேல் கை வைத்தபடி நின்றார். சூட்டில் கை பொசுங்குவதுகூட அவருக்குத் தெரியவில்லை. "அடுத்த வாரம் இதைவிட நல்ல படமாக் கொண்டு வரேன்," என்றார். "நூறு குதிரை."

பேச்சியக்கா வாசலில் திரும்பினாள். "குதிரையெல்லாம் வேணாம். அந்தப் பயலையே கூட்டிட்டு வா."

அடுத்த ஞாயிறு மேட்டுச் சந்தையில் நான் நின்று கத்தியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வாங்க, வாங்க! குதிரை பத்து நிமிசந்தானுங்க! ஒரே ஒரு வெடிங்க! ஒரு ஊடு, ஒரு மேசை, பேச வாய் வராத ஒரு ஆளுங்க!"

எங்கெங்கோ உள்ள தோட்டங்களிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். பன்னிரண்டு சன்னலுக்கு முப்பது கம்பளி வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட்டோம். அப்படி ஒரு இருட்டை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. படம் தொடங்கியதும் பழைய ஆட்கள் புது ஆட்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். பேச்சியக்கா எல்லாரையும் அடக்கினாள்: "சும்மா இருங்க, அதுகளே கண்டுபிடிக்கட்டும்."

ரீல் மாற்றும் இடைவேளையில் என் தகரக் குழாயைத் தேடினேன், காணோம். வெளியே போய்ப் பார்த்தால், ராவுத்தர் அதைப் புனல் போலத் தலைகீழாகப் பிடித்து ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தாண்டா இது நல்லாருக்கு," என்றார்.